பத்து வரை எண்ணும் மௌனம்

குத்தாலத்தில் ஒரு கல்யாண மண்டபம். மேடையில் நாங்கள் நாலு பேர். எதிரே நூறு பேருக்குக் குறையாத கூட்டம். பாட்டின் நடுவில், எங்கள் குழுவின் தலைவர் சிவராமன் சார் ஒரு சொல்லைப் பாதியில் நிறுத்தினார். கூடப் பாடிய கல்யாணியும் நிறுத்தினாள். பஷீர் பாயின் வில் வயலின் மேலேயே நின்றது.

மண்டபத்தில் சத்தமே இல்லை.

ஒன்று, இரண்டு, மூன்று என்று நான் மடியில் விரலை மடக்கிக்கொண்டிருந்தேன். நாலு வருவதற்குள் மைக் செட்காரர் மேடைக்கு ஓடி வந்தார். எங்களுக்கு மைக்கே வேண்டாம் என்று தலைபாடாய் அடித்துக்கொண்டும் கேட்காமல் கொண்டுவந்து வைத்தவர். குனிந்து அதைத் தட்டி, "ஹலோ, ஹலோ, செக்" என்றார். ஒயரைப் பிடுங்கி மறுபடி சொருகினார்.

"பாட்டை மறந்துட்டாங்க போல, பாவம்" என்று முன்வரிசையில் ஒரு அம்மாள் சொன்னது எனக்கு நன்றாகவே கேட்டது. பின்னால் யாரோ பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்துக் கை தட்டினார்கள்.

பத்து. கைத்தாளத்தை ஒரே ஒரு தடவை தட்டினேன். சொல்லின் மீதிப் பாதி கிளம்பியது. மைக் செட்காரர் எல்லாம் தன்னால்தான் சரியாயிற்று என்ற திருப்தியில் எனக்குக் கட்டைவிரலைக் காட்டிவிட்டு இறங்கிப் போனார்.

எங்கள் மௌனம் முதன்முதலாக வெளியூர் பார்த்தது இப்படித்தான். அன்றைக்கு எனக்கு வெட்கமாக இருந்தது. இன்றைக்கு நினைத்தால் என்னவாக இருக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை. தெரியாததால்தான் இந்த வாரம் அதையே எழுதிப் பார்க்கிறேன்.

மின்விசிறிக்கு ஆதாரம் இல்லை

தைராய்டு அறுவைக்குப் பிறகு என் குரல் போன கதையைச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். படித்த வாசகர்கள் மிளகுக் கஷாயத்தில் தொடங்கி கழுதைப்பால் வரைக்கும் வைத்தியம் எழுதியிருக்கிறார்கள். எல்லாருக்கும் நன்றி. பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் நடத்துகிற அளவுக்குக் குரல் திரும்பி வந்தது. பாடுகிற குரல் வரவில்லை. மூன்றாவது ஸ்வரத்துக்கு மேல் போனால் துருப்பிடித்த கதவு திறக்கிற சத்தம்தான் வந்தது.

எனக்குப் பாட்டு வந்த விதமே ஒரு விபத்து. குடவாசல் பக்கத்தில் நான் படித்த பள்ளிக்கூடத்தில், தலைமையாசிரியர் முன்னால் நின்று காலை வணக்கப் பாட்டுப் பாட எல்லாப் பெண்களும் பயந்தார்கள். நான் பயப்படவில்லை, அவ்வளவுதான். அடுத்த வயலில் கூலிக்கு நாற்றுப் பறித்துக்கொண்டிருந்த அப்பா, பாட்டு முடிகிறவரை நாற்றுக் கட்டைக் கையில் பிடித்தபடி நிமிர்ந்து நிற்பாராம். மேஸ்திரி சத்தம் போட்டும் குனிய மாட்டாராம். இதை அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்பா என்னிடம் பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

அந்தக் குரல்தான் போயிற்று. ஒரு வருஷம் வீட்டில் ரேடியோவைக்கூடப் போடவிடாமல் எல்லாரையும் படுத்தி எடுத்தேன்.

அப்போதுதான் சிவராமன் சாரின் பழைய இசைக் குழுவைப் பற்றி ஒருவர் சொன்னார். சார் பாசன இலாகாவில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். தஞ்சாவூரில் அவர் வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடுவார்கள். இருநூறு வருஷத்துக்கு முன்னால், அரண்மனைக் காலத்தில், ஒரு பாட்டை எப்படிப் பாடியிருப்பார்களோ அப்படியே பாடிப் பார்ப்பது அவர்கள் வேலை. அந்தக் காலத்துச் சுருதி, அந்தக் காலத்து வேகம், வயலினில் கம்பிக்குப் பதில் நரம்பு. பின்னாளில் யாரோ சேர்த்த சங்கதி ஒன்றுகூட உள்ளே நுழையக் கூடாது.

"ஆதாரம் எங்கே?" என்பதுதான் சார் அதிகம் பேசிய வாக்கியம். கல்யாணி ஆசையாக ஒரு வளைவு போட்டால், "அழகா இருக்குது. ஆதாரம் எங்கே?" என்பார். அவள் முகம் சுருங்கிவிடும்.

மின்விசிறிக்கும் ஆதாரம் இல்லை. அதனால் சித்திரை வெயிலிலும் போட மாட்டார். "அந்தச் சத்தத்துல காது பழகிட்டா பழைய சுருதி கேக்காதுங்க" என்பார். பஷீர் பாய் தோளில் ஒரு துண்டும் பையில் ஒரு துண்டும் கொண்டு வருவார். கூத்தாநல்லூர்க்காரர். துபாயில் கடை வைத்திருந்தபோது பக்கத்து அறைக்காரரிடம் வயலின் கற்றுக்கொண்டு வந்தவர். "துபாய்லயே எனக்கு இவ்ளோ வேர்த்ததில்லை டீச்சர்" என்று என் காதில் முணுமுணுப்பார்.

சார் ஒத்திகை முழுவதையும் போனில் பதிவு செய்வார். இதற்கு மட்டும் ஆதாரம் உண்டா என்று நான் ஒருநாள் கேட்டேன். "இது பாட்டு இல்லைங்க. ஆராய்ச்சி" என்றார்.

சும்மா இருக்கிற வேலை

அவர்கள் அப்போது ஒரே ஒரு பாட்டில் மாட்டிக்கொண்டு கிடந்தார்கள். ஒருத்தி தன் தோழியிடம், அவர் வருவாரா மாட்டாரா என்று கேட்கிற பாட்டு. ஓலையில் இருந்ததை யாரோ ஒருவர் நோட்டுப் புத்தகத்தில் பிரதி எடுத்திருந்தார். ஓலை எப்போதோ செல்லரித்துப் போயிற்று. நோட்டு மட்டும் சாரிடம் இருந்தது.

அந்த நோட்டில் எட்டு இடத்தில் இரண்டு எழுத்து அகலத்துக்கு வெற்றிடம். சில இடங்களில் சொல்லுக்கு நடுவிலேயே. "சொல்லடி" என்ற சொல் 'சொல்' தனியாக, 'லடி' தனியாக நின்றது.

அது என்ன என்று ஆறு மாதம் அடித்துக்கொண்டார்களாம். ஆடுகிற பெண் திரும்புவதற்கு விட்ட இடம் என்றாள் கல்யாணி. ராஜா வெற்றிலை துப்ப விட்ட இடம் என்றார் பஷீர் பாய். சார் இரண்டையும் ஒதுக்கிவிட்டார்.

"பிரதி எடுத்தவரு கெட்டிக்காரருங்க. எழுத்து அழிஞ்ச இடத்துல புள்ளி வெச்சிருக்காரு. இங்க புள்ளி இல்லை. அப்போ இது அழிஞ்சது இல்லை, விட்டது. மதகை இறக்குன மாதிரி பாட்டை நிறுத்தியிருக்காங்க. அவ அழுவுறா. பேச்சு வரலை."

அந்த வெற்றிடங்களில் பாட்டு நிற்க வேண்டும், பத்து எண்ணிக்கை வரைக்கும், கை கால் அசையாமல் நிற்க வேண்டும் என்று முடிவாயிற்று. ஆனால் பாடுகிறவர்களால் முடியவில்லை. ஆறு வந்தால் கல்யாணிக்குத் தொண்டை அரிக்கும். ஏழில் பஷீர் பாயின் வில் நழுவும். பாடாத ஒருத்தர், எண்ணத் தெரிந்தவர், பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினால் தேவலை என்று சார் சொல்லியிருக்கிறார்.

எண்ணுவதற்குத்தான் நான் இருக்கிறேனே. கணக்கு டீச்சர், குரலும் கிடையாது.

"அங்க போயி நீ என்ன பண்ற?" என்றார் என் வீட்டுக்காரர். மன்னார்குடியில் விதைநெல் கடை வைத்திருக்கிறார். எதையும் எடை போட்டுத்தான் பார்ப்பார்.

"அவங்க பாடாதப்போ நான் எண்ணுவேன்."

"அதாவது, சும்மா இருக்குறப்போ."

"ஆமா."

"சும்மா இருக்குறதுக்கு வாராவாரம் பஸ் ஏறித் தஞ்சாவூர் போறியாக்கும்."

சிரித்துவிட்டேன். ஆனால் அவருக்குப் புரியாத ஒன்று இருந்தது. எனக்கு மறுபடியும் பாட்டுக்குள் ஓர் இடம் கிடைத்திருந்தது. அந்த எட்டு மௌனமும் என் கையில் இருந்தன. நான் தட்டினால்தான் பாட்டு மேலே நகரும். முதல் தடவை பிசிறில்லாமல் அமைந்த அன்று, கைத்தாளத்தைத் தட்டியதும் சாரின் குரல் 'லடி' என்று நடுங்கி எழுந்தது. நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வியர்வை என்று நினைத்திருப்பார்கள்.

மூன்று வருஷத்தில் அந்தப் பாட்டுக்குப் பெயர் வந்தது. யாரோ எடுத்த வீடியோ வாட்ஸப்பில் சுற்றியது. மௌனப் பாட்டுக்காரங்க என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அதன்பின் எந்த ஊரிலும் யாரும் மைக்கைத் தட்ட ஓடி வரவில்லை. மூச்சுவிடாமல் காத்திருந்தார்கள்.

எழுத்தை எண்ணியது

வினை நானாகத் தேடிக்கொண்டது. மன்னார்குடியில் ஒரு கல்லூரி அரங்கத்தில் கச்சேரி. வருகிறவர்களுக்குக் கொடுக்கப் பாட்டை அச்சடிக்கலாம் என்று சார் சொன்னார். கம்ப்யூட்டரில் அடிக்கிற வேலையை நான் வாங்கிக்கொண்டு வந்தேன்.

வெற்றிடங்கள் இடம் மாறிவிடக் கூடாது என்று எழுத்துகளை எண்ணி எண்ணி அடித்தேன். முதல் வெற்றிடத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவே பதினெட்டு எழுத்து. மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவே பத்தொன்பது. ஐந்துக்கும் ஆறுக்கும் பதினெட்டு. ஏழுக்கும் எட்டுக்கும் மறுபடி பதினெட்டு. ஒரு ஜோடிக்கும் அடுத்த ஜோடிக்கும் நடுவே ஒவ்வொரு தடவையும் இருநூற்று எண்பதை ஒட்டி.

அடிப்பதை நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினேன்.

பாட்டில் பதினெட்டு எழுத்தை ஓர் இடத்தில் நீட்டிப் பாடுவோம், இன்னோர் இடத்தில் ஓட்டமாகப் பாடுவோம். காதால் கேட்டு மௌனம் வைத்தவர் நேரத்தை ஒட்டி வைத்திருப்பார். இது நேரத்துக்கு ஒத்துவரவில்லை, இடத்துக்குத்தான் ஒத்துவந்தது. ஸ்கேல் வைத்து அளந்த மாதிரி இருந்தது.

மறுவாரம் ஒத்திகைக்கு முன்னால் தனியாக அரண்மனை அருங்காட்சியகத்துக்குள் போனேன். கண்ணாடிப் பெட்டியில் வேறு ஏதோ பாட்டின் ஓலை. நூறு தடவை பார்த்த பெட்டிதான். ஓலையில் இரண்டு துளை, நூல் கோத்துக் கட்டுவதற்காக. நடு வரியில், துளை வருகிற இடத்தில், எழுதியவர் இரண்டு எழுத்து அகலத்துக்குத் தள்ளி எழுதியிருந்தார். துளைக்கு மேல் எழுத முடியாது, அதனால். அந்த ஒரு வரியில் இரண்டு துளை, பக்கத்துக்கு ஒரு ஜோடி. எங்கள் பாட்டுக்கு இரண்டு ஓலை என்றால் நாலு பக்கம், எட்டு வெற்றிடம்.

பிரதி எடுத்த புண்ணியவான், உள்ளதை உள்ளபடி எடுக்க வேண்டும் என்ற நேர்மையில் துளையையும் பிரதி எடுத்திருக்கிறார். நாங்கள் உள்ளதை உள்ளபடி பாட வேண்டும் என்ற நேர்மையில் துளையையும் பாடியிருக்கிறோம்.

அந்தப் பெட்டி முன்னால் நின்று சிரித்தேன். காவலுக்கு இருந்தவர், "என்னம்மா?" என்றார். ஒன்றுமில்லை என்று சொல்லி வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். அப்புறம்தான் அடி விழுந்தது. மௌனம் போனால் எனக்கு அந்த மாடியில் என்ன வேலை?

சொல்வதா, விடுவதா

அன்று ஒத்திகையில் வாயைத் திறக்கவில்லை. வழக்கம்போல் எண்ணினேன். நான் எண்ணுவது நூல் துளை என்று தெரிந்தும், ஐந்தாவது இடத்தில், 'சொல்' என்று நின்றபோது, என் கண் அதேபோல் நிறைந்தது. எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. பொய் என்று தெரிந்த பிறகுமா அழுவது?

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "சொல்லாம விட்டுடேன். யாருக்கு என்ன குறைஞ்சுபோச்சு?" என்றார். சும்மா இருக்கிற வேலை என்று கேலி செய்தவர்தான்.

"ஆதாரம் இல்லாம ஒரு வளைவு போட்டதுக்கு சார் கல்யாணியை அழவெச்சிருக்காரு. நான் எட்டு பொய்யை மடியில வெச்சிக்கிட்டு எப்படி எதிர்ல உக்கார்றது?"

"அப்போ சொல்லிடு."

"சொன்னா நான் வெளியில."

அன்றைக்கு எனக்காக அவரே தோசை வார்த்தார்.

பத்து நாள் இப்படியும் அப்படியுமாக அல்லாடினேன். கடைசியில் ஒரு புதன்கிழமை பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு, எழுத்து எண்ணிக்கை எழுதிய தாளோடு சார் வீட்டுக்குப் போனேன். சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைப் பார்த்தார். நோட்டை எடுத்து, ஒவ்வொரு எழுத்தையும் பென்சில் முனையால் தொட்டு, தானே எண்ணினார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவர் மனைவி வைத்த காப்பியில் ஆடை படிந்துவிட்டது.

அவர் சண்டை போடுவார் என்று நம்பித்தான் போயிருந்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், அவர் என்னை ஜெயித்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டே போயிருந்தேன்.

"சரிதாங்க டீச்சர். எடுத்துடலாம்" என்றார்.

"சார், மூணு வருஷமா…"

"ஆதாரம் இல்லையேங்க." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். "நீங்க எப்பவும் போல மேடையில உக்காருங்க" என்றார்.

என்ன செய்வதற்கு என்று அவர் சொல்லவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

மன்னார்குடியில் நடந்தது

மேடைக்குப் போகவில்லை. மூன்றாவது வரிசையில் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

சார் ஆரம்பத்திலேயே எழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மூன்று வருஷமாகத் தப்பாகப் பாடினோம், இந்த ஊர் டீச்சர்தான் கண்டுபிடித்தார் என்று என்னைக் கையால் காட்டினார். அரங்கமே எனக்காகக் கை தட்டியது. என் வாழ்க்கையில் நான் வாங்கிய பெரிய கைதட்டல் அதுதான். என் வேலை போனதற்காக வாங்கினேன். எழுந்து கும்பிட்டேன். சந்தோஷப்படுவதா, உட்கார்ந்து ஓவென்று அழுவதா என்று தெரியவில்லை.

பாட்டு தொடங்கியது. நிற்காமல் போனது. போகப் போக எனக்குத் தலை சுற்றியது. இது அழுகிறவள் பாட்டே இல்லை. தோழியைச் சீண்டுகிற பாட்டு. வருவாரா மாட்டாரா என்பது தவிப்பு இல்லை, குறும்பு. கூட்டம் ரசித்தது. எனக்கும் பிடித்தது. அதுதான் பொறுக்கவில்லை.

முதல் நாலு இடமும் தாண்டிவிட்டன. ஐந்தாவது வந்தது.

'சொல்' என்று சார் நின்றுவிட்டார்.

வேண்டுமென்று நிற்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. மூன்று வருஷம் அங்கே நின்று நின்று மூச்சு பழகியிருக்கிறது. அவர் நின்றதும் கல்யாணி நின்றாள். வில் நின்றது. மூன்று பேரும் அவரவர் பக்கத்தில் என்னைத் தேடினார்கள். நான் அங்கே இல்லை. பிறகு மூன்று பேரும் மூன்றாவது வரிசையைப் பார்த்தார்கள்.

என் விரல் ஏற்கெனவே மடங்கிக்கொண்டிருந்தது. எட்டு, ஒன்பது, பத்து.

தலையை அசைத்திருக்க வேண்டும். அசைக்கவில்லை. பதினொன்று, பன்னிரண்டு. வெளியே ஒரு பஸ் ஹார்ன் அடித்துவிட்டுப் போனது. அரங்கத்தில் ஒருத்தர் இருமவில்லை. பதினெட்டு, பத்தொன்பது. ஏன் விடவில்லை என்று இன்றைக்கு வரை எனக்குத் தெரியாது. இனிமேல் கிடைக்காது என்பது மட்டும் தெரிந்தது. வீட்டுக்காரர் என் கை மேல் கையை வைத்தார். இருபத்தாறில் தலையை அசைத்தேன்.

'லடி' என்று பாட்டு எழுந்தது. பிறகு எங்கும் நிற்காமல் முடிந்தது.

கீழே இறங்கி வந்த சார் நேராக என்னிடம் வந்தார். சட்டைப்பையிலிருந்து சிறு நோட்டை எடுத்தார்.

"தப்பு என்னோடது. நான்தான் நின்னேன். எத்தனை எண்ணுனீங்க?"

"பத்துங்க சார்" என்றேன்.

அவரிடம் நான் சொன்ன முதல் பொய். எழுதிக்கொண்டார். அவர் போன் மேடையில் எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டிருந்தது என்பது, வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் எனக்கு உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை போகாமல் இருந்துவிடலாமா என்று யோசித்து, வழக்கமான பஸ்ஸை விட்டு அடுத்ததைப் பிடித்துத் தாமதமாகப் போனேன். சார் பாட்டு நோட்டை என் பக்கம் நகர்த்தினார். 'சொல்லடி' என்ற சொல்லுக்குப் பக்கத்தில், ஓரத்தில், பென்சிலால் பொடியாக எழுதியிருந்தது: "ஓலையில் இல்லை. மன்னார்குடியில் ஒரு தடவை. பதிவில் இருபத்தாறு. டீச்சர் வாக்கில் பத்து. பாடபேதம்." பிரதிக்குப் பிரதி பாட்டு மாறுகிற இடத்தில் எழுதுகிற வார்த்தை அது.

எனக்குக் காது சுட்டது. "சார், இதுல எது…" என்று இழுத்தேன்.

"தெரியலைங்க டீச்சர். இந்த மௌனத்துக்கு ஓலையில ஆதாரம் இல்லை. மன்னார்குடியில நின்னதுக்கு இருக்குது. நானே குழம்பித்தான் கிடக்கேன்." அவர் சம்மணத்தைச் சரிசெய்துகொண்டு சுருதியைப் பிடித்தார். "ஒரு இடம்தானே, பாடிப் பாப்போம். தாளத்தை எடுங்க."

எடுத்தேன். எத்தனை வரைக்கும் எண்ண வேண்டும் என்று அவர் சொல்லவில்லை.